நீலகிரி மலை ரயிலை நிலக்காட்சியோடு படமெடுப்பது எப்படி?

யீஷூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ஊட்டிக்குச் செல்லவிருக்கிறோம். மலை ரயிலைப் பெட்டிக்குள் அமர்ந்தபடி எடுக்காமல், காடும் சரிவும் சூழ வெளியிலிருந்து படமெடுக்க விரும்புகிறேன். 24-70 (அகலமான காட்சிக்கு), 70-200 (தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்ட) லென்ஸ்கள் இரண்டும் உள்ளன. எங்கே நிற்பது, எப்போது எடுப்பது, அதற்கு முன் சிங்கப்பூரில் எப்படிப் பழகிக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மலைப்பாதை:
வணக்கம் ஐயா. காலை 7 மணியளவில் மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயிலில், நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. 12 அடிக்கு 1 அடி உயரும் அந்த ஏற்றத்தில், எஞ்சினின் பற்சக்கரம் சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் மேலேறுகிறது. ஆகவே எதிரே நிற்பவருக்கு முதலில் தெரிவது நீலமும் வெளிர்மஞ்சளுமான பெட்டியும், அதன் முன்மேடையில் கொடியோடு இருக்கும் பிரேக்ஸ்மேனும் (பிரேக் போடும் ஊழியர்)தான். எஞ்சினும் நீராவியும் வேண்டுமென்றால், பாதை வளையும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்; முழு ரயிலும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். பிற்பகலில் இறங்கி வரும்போது எஞ்சின்தான் முன்னால் இருக்கும். ஆனால் இறக்கத்தில் நீராவி குறைவாகவே எழும்.

இந்தப் பகுதியில் ரயில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும் என்பதால், ஷட்டரை 1/250 நொடியில் வைத்தாலே போதும். அடர்நிற எஞ்சினுக்காக ஒளியைக் கூட்டினால் நீராவியின் வெண்மை வெளிறிப் போகும். அதனால் ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், பாதைக்குத் தென்புறம் நின்றால் பெட்டிகள் மீது நேராக வெளிச்சம் விழும். என்னைக் கேட்டால், 24-70 லென்ஸையே அதிகம் பயன்படுத்துவேன்; ரயில் சிறியதாகவும் மலை பெரியதாகவும் தெரியும் படத்தில்தான் 1908-இல் ஊட்டி வரை எட்டிய இப்பாதையின் அருமை புலப்படும்.

ஜூரோங்_ஏரிக்கரை:
பழகுவதற்குச் சீனத் தோட்ட எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய புல்வெளி நல்ல இடம். மேம்பாலத் தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் செல்வதால், மரங்களுக்கிடையே எந்த இடைவெளியில் ரயில் தெரியும்படி படமெடுப்பது என்பதை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கலாம். இங்கே வேகம் அதிகம் என்பதால் ஷட்டர் 1/1000 நொடியாவது இருக்கட்டும். சட்டகத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, ரயில் அதற்குள் வரும்வரை கேமராவை அசைக்காமல் காத்திருங்கள்.

கோவைக்காரி:
அண்ணா, டிசம்பர் என்பதால் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும், ஊட்டிக்குச் செல்லும் வழியிலுள்ள குன்னூருக்கும் இடையே மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அப்படி நேர்ந்தால் மனம் தளராமல் குன்னூருக்கு மேலே செல்லுங்கள். அங்கு டீசல் எஞ்சின்தான் என்றாலும், கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேல் பக்கத்து மரங்களும் நிலக்காட்சிக்குக் குறைவைக்காதவை. படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம். 1989-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது குற்றம், சுரங்கப்பாதைகள் நிறைந்த பாதையில் ஆபத்தும்கூட.

யீஷூன்வாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. எஞ்சின் பின்னால் இருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஏறும் ரயிலைப் பக்கவாட்டிலும் இறங்கும் ரயிலை எதிரே நின்றும் எடுப்பதாகத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன். மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் வண்டியை ஓரம் நிறுத்திப் பாதையைப் பார்க்கக்கூடிய இடங்கள் யாருக்காவது தெரிந்தால் குறிப்பிடுங்கள்.