நோய்ப்படுக்கைக்கு வந்தவர்களும் வாசித்த வசனங்களும்

முதல் பதிவு

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அசையாமல் கிடந்த நாள்களில், சபையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ரோமர் 8:28ஐயே வாசித்தார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சினமே மூண்டது. பிறகு வந்த மூதாட்டி ஒருவர் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. வெடித்திருந்த என் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றியபடி, "சிலுவையில் இயேசுவும் தாகமாயிருக்கிறேன் என்றுதான் சொன்னார், மகனே" என்றார். சிறுவயது முதல் ஆலயத்துக்குச் சென்றுவந்த நான் மனமார ஜெபித்தது அன்றிரவுதான். வலி குறையவில்லை, அதை யாரிடம் முறையிடுவது என்பது தெரிந்தது.

மறுமொழி

வசனம் வாசித்தவர்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். விபத்துக்குப் பின் படுத்திருந்த எனக்குக் கைகொடுத்தது வாசிப்பே; தலைமாட்டில் யாரோ விட்டுச்சென்ற லூக்கா நற்செய்தியைப் பொழுதுபோகாமல்தான் புரட்டத் தொடங்கினேன். 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த போர்வீரர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் படுக்கையில் கேட்டது வீரக் கதைகளைத்தான். அவை அவர் படுத்திருந்த வீட்டில் இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும் அவர் கைக்கு வந்தன. வீரக் கனவுகள் கலைந்தபின் மனம் வறண்டதையும், புனிதர்களை எண்ணியபின் மகிழ்ச்சி நிலைத்ததையும் அவர் கவனித்தார்; மனமாற்றம் அந்தக் கவனிப்பில்தான் தொடங்கியது. ஆகவே படுக்கையில் இருப்பவர்கள், எந்த நினைவு எதை விட்டுச்செல்கிறது என்று நாள்தோறும் இரவில் எண்ணிப் பாருங்கள். மனம் ஆறுதலற்றிருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதீர்கள் என்பதும் அவர் வகுத்த விதியே. ஜெபம் வரவில்லையென்றால் வேதாகமத்தின் சங்கீதப் பாடல் ஒன்றையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

மற்றொரு மறுமொழி

இருவரும் துன்பத்தின் முடிவில் மனமாற்றம் காத்திருப்பதாகவே எழுதுகிறீர்கள். என் தம்பியின் அடக்க ஆராதனையில், தேவன் உங்களைப் புடமிடுகிறார் என்று ஒருவர் சொன்னதும், என் தாயார் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் பாடவில்லை. வேதாகமத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே தவறினார்கள். கடைசியில் நிதானமாய்ப் பேசியவன் என்று தேவன் சொன்னது, முறையிட்டு வழக்காடிய யோபுவைத்தான். என் தாயார் இன்றும் திருவிருந்துக்கு எழுந்து செல்வதில்லை. ஆனால் சபையில் எந்த வீட்டில் மரணம் நேர்ந்தாலும், போதகருக்கு முன்னே போய் அடுப்படியில் நிற்பவர் அவர்தான். இதை மனந்திரும்புதல் என்று சொல்லலாமா என எங்கள் போதகரிடம் கேட்டேன். அதை உன் தாயாரிடம் மட்டும் கேட்டுவிடாதே என்றார்.