‘நோ போதோ’ என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் வரலாம்

ஸ்பானிஷ் வினைச்சொற்களுக்கு நடுவில் உயிரெழுத்து மாறுகிறதே, அது யார் யாருக்கு எப்படிப் பிடிபட்டது? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயினில் செவில்யாவுக்குக் குடிபோன புதிது. மேல்வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். எனக்கு அன்று தோதுப்படாது. ‘பொதேர்’ என்றால் முடிவது. ‘அப்லார்’ (பேசுவது) என்பது ‘அப்லோ’ (பேசுகிறேன்) ஆகிற மாதிரி இதுவும் ‘போதோ’ ஆகும் என்று நானே முடிவுகட்டி, “நோ போதோ” என்றேன். பாட்டி என்னைப் பார்த்தார், என் பால்கனியில் இருந்த பூந்தொட்டிகளைப் பார்த்தார். அந்த ஊரில் ‘போதோ’ என்றால் ‘நான் கவாத்து செய்கிறேன்’! விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் செடி வெட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

‘என்னால் முடியும்’ என்பதற்குச் சரியான சொல் ‘புவேதோ’. பாட்டி பால்கனிக் கம்பியில் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். ‘புவேதோ’வில் தட்டு ‘புவே’யில் விழுந்தது. ‘நாங்கள்’ என்று வரும் ‘பொதேமோஸ்’ஸில் தட்டு ‘தே’க்குப் போய்விட்டது, ‘பொ’ பழையபடியே நின்றது. அழுத்தம் விழுந்தால் விரியும், விழாவிட்டால் சும்மா இருக்கும், அவ்வளவுதான். வகுப்பில் மாறுகிற வடிவங்களைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு பூட்ஸ் வரைந்து காட்டினார்கள். பூட்ஸ் நினைவிருந்தது, வாயில்தான் வரவில்லை. தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லையே, நம் காது அதை எங்கே கவனிக்கப் போகிறது!

*

அக்கா, எனக்கு இது காய்கறிக் கடையில் விளங்கியது. 7 ‘சியேதே’, அதனால் 70ஐ ‘சியேதேந்தா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் “செதேந்தா” என்று திருத்துவார். 9 ‘நுவேவே’, 90 ‘நொவேந்தா’. அழுத்தம் பின்னால் நகர்ந்ததும் விரிந்த உயிர் சுருங்கிவிடுகிறது. வெனிசுவேலாக்காரரை ‘வெனெசொலானோ’ என்பதும் இதனால்தான். லத்தீனில் குறிலாக இருந்த எ, ஒ இரண்டும் அழுத்தம் பெற்ற இடத்தில் ஸ்பானிஷில் பிளந்துவிட்டன: ‘தெர்ரா’ ‘தியெர்ரா’ ஆயிற்று, ‘போர்தா’ ‘புவெர்தா’ ஆயிற்று. ‘துவெர்மோ’ (தூங்குகிறேன்), ‘தொர்மீமோஸ்’ (தூங்குகிறோம்) இரண்டும் அதே வழி. இதை ஏதோ வினைச்சொல்லின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எரிச்சலாக இருந்தது. மொழி முழுக்கவே இப்படித்தான் என்று தெரிந்ததும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

*

நான் புவேனோஸ் ஐரெஸில் இருக்கிறேன். புத்தகத்தில் படித்த ‘தூ புவேதெஸ்’ஸோடு (உன்னால் முடியும்) வந்து இறங்கினேன். இங்கே எல்லாரும் ‘நீ’ என்பதற்கு ‘தூ’வை விட்டு ‘போஸ்’ போட்டு, “போஸ் பொதேஸ்”, “போஸ் கெரேஸ்” (நீ விரும்புகிறாய்) என்கிறார்கள். முதல் வாரம் பக்கத்து மேசைக்காரர் தப்பாகப் பேசுகிறார் என்றே நினைத்தேன்! ‘போஸ்’ போட்டுப் பேசும்போது அழுத்தம் கடைசியில் விழுகிறது, அதனால் வேரில் மாற்றமே இல்லை. ‘நான்’ என்றால் எல்லா ஊரையும் போல ‘புவேதோ’, ‘கியேரோ’ (விரும்புகிறேன்). பாட்டியின் தட்டு இங்கேயும் பலிக்கிறது.

*

எல்லாம் சரிதான். ஆனால் எந்த வினை மாறும் என்பதை அழுத்தம் சொல்லாதே? நான் ‘சாப்பிடுகிறேன்’ என்பதற்கு ‘குவேமோ’ என்று சொல்லி அசடு வழிந்தவன். ‘கொமேர்’ மாறாது, வெறும் ‘கோமோ’தான். அதனால் புது வினை படித்தால் ‘நான்’ வடிவத்தையும் கூடவே எழுதி வைத்துக்கொள்கிறேன். ‘ஹுகார்’ (விளையாடுவது) ‘ஹுவேகோ’ ஆகும். உ இப்படி ‘உவே’ ஆகிற வினை அது ஒன்றுதான்.

அப்புறம் ‘பெதீர்’. கேட்டு வாங்குவது. அதில் எ விரியாது, இ ஆகிவிடும்: ‘பீதோ’. இது தெரியாமல் ஒரு காபிக் கடையில் நிமிர்ந்து நின்று, ஒரு காபி கேட்கிறேன் என்ற நினைப்பில், “யோ பேதோ உன் கஃபே” என்றேன். ‘பேதோ’ என்றால் வயிற்றிலிருந்து பின்பக்கமாக வெளியேறும் காற்று. பரிமாறுகிற பையன் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடினான். உள்ளே இருந்து இரண்டு பேர் என்னை எட்டிப் பார்த்தார்கள். காபி மட்டும் நன்றாக இருந்தது.