லூயிஸ் லேக்கில் ஆர்வி: கரண்ட் இல்லாமல் மூன்று இரவு தாங்குமா?

உப்பேரிக்காரன்:
ஜூலை இரண்டாவது வாரம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். லூயிஸ் லேக் கேம்ப்கிரவுண்டில் மூன்று இரவுக்கு இடம் கிடைத்துவிட்டது. சால்ட் லேக் சிட்டியில் ஆர்வி (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பா. அங்கே ஹூக்கப் (வண்டிக்குக் கரண்ட், தண்ணீர் இணைப்பு) எதுவும் கிடையாது, ஜெனரேட்டரும் போடக்கூடாதாம். அப்பா இரவில் சிபாப் (மூச்சு தடைபடாமல் காற்று செலுத்தும் மெஷின்) மாட்டிக்கொண்டுதான் தூங்குவார். அம்மாவுக்கு ரசம் சோறு இல்லாமல் முடியாது. ஆர்வி எங்களுக்குப் புதிது. சமாளிக்கலாமா, கேன்சல் செய்துவிடட்டுமா?

போஸ்மன் அக்கா:
கேன்சல் எல்லாம் வேண்டாம் தம்பி. ஜெனரேட்டர் சத்தம் இல்லை என்பதற்காகவே நாங்கள் அங்கே போகிறோம்.

முதலில் வண்டியின் நீளத்தைப் பாருங்கள். அங்கே 25 அடிதான் உச்சவரம்பு. விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாதீர்கள். பம்பர், ஏணி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கம்பெனியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்டைத் தின்பது விளக்கு இல்லை, வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ். இடம் கிட்டத்தட்ட 7,800 அடி உயரம். ஜூலையிலும் இரவில் உறைநிலையை ஒட்டி இறங்கும். ஃபர்னஸ் புரோப்பேன் கேஸில் எரிந்தாலும் அதன் ஃபேன் பேட்டரியில்தான் ஓடும், 7 ஆம்பியர் போல இழுக்கும். சாதாரண 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம். அதனால் ஃபர்னஸைக் குறைத்து வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு கனத்த கம்பளி. ஃபிரிட்ஜ் புரோப்பேனில் ஓடும் மாடலா என்று கேளுங்கள். சிபாப்புக்கு இன்வெர்ட்டர் வேண்டாம், 12 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள். அதில் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபயரை அணைத்தால் மின்செலவு பாதிக்கு மேல் குறையும். இவ்வளவு உயரத்தில் அப்பா தூங்குவதைப் பற்றி டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பகலில் எப்படியும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல், வெஸ்ட் தம்ப் என்று அதே வண்டியில்தானே சுற்றப் போகிறீர்கள்? ஓடும்போது பேட்டரி ஏறிவிடும்.

எனக்குக் கவலை தண்ணீர்தான், அதுவும் கழிவுத் தண்ணீர். ஐந்து பேர் பாத்திரம் கழுவி, முகம் கழுவினாலே அந்தத் தண்ணீர் சேரும் கிரே டேங்க் நிரம்பிவிடும், தரையில் ஒரு சொட்டு விடக்கூடாது. டேங்க்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் கிராண்ட் வில்லேஜில், வடக்கே பத்து மைல் போல. குளியலும் அங்கேயே, காசு கொடுத்து. தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கறிவேப்பிலை சிங்க்கில் போகவே கூடாது! கேம்ப்கிரவுண்டில் இருப்பது குழிக் கழிப்பறை, ஃப்ளஷ் இல்லை. வண்டிக் கழிப்பறையை அம்மா அப்பாவுக்கு விட்டுவிட்டு நீங்கள் அதைப் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டுக்குப் பிரஷர் குக்கரை மறக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகும் என்று உட்கார்ந்தால் ராத்திரி ஆகிவிடும். விசில் சத்தத்துக்குப் பக்கத்து சைட்காரர் எட்டிப் பார்ப்பார், ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தால் சரி. குக்கரையோ குப்பையையோ வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், கரடி நடமாடும் இடம். கிளம்பும்போது ஐஸ்பெட்டியையும் உள்ளே ஏற்றிவிடுங்கள்.

கோவை_டென்வர்:
அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. வயதானவர்கள் இருப்பதால் லூயிஸில் இரண்டு இரவு போதும். மூன்றாவது இரவுக்கு யெல்லோஸ்டோனுக்குள்ளேயே இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் இடம் கிடைக்கிறதா என்று தினமும் பாருங்கள், கேன்சலேஷன் வரும். கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் ஹூக்கப் உண்டு. காற்றடைக்கும் கயாக் கொண்டுபோனால் அதற்கும் படகு பெர்மிட்டும் ஆய்வும் வேண்டும், சின்னதுதானே என்று ஏரியில் இறக்கிவிடாதீர்கள். கொசு மருந்து நிறைய.

உப்பேரிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி நண்பரே. வண்டி பம்பர் வரை 24 அடி 8 அங்குலம் என்று மெயிலில் பதில் வந்துவிட்டது. அம்மா மாவு அரைத்து எடுத்து வரலாமா என்கிறார்.

போஸ்மன் அக்கா:
வீட்டிலேயே புளிக்கவைத்துக் கொண்டு வாருங்கள், அந்தக் குளிரில் புளிக்காது. டப்பாவைப் பாதிதான் நிரப்பணும். மலை ஏற ஏற மூடி தெறிக்கும்.