புதுப்பிப்பு: அன்னாசி தேங்காய் இனிப்பு இறுகிவிட்டது

இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தும் அன்னாசி தேங்காய் இனிப்பு கூழாகவே இருக்கிறது, லேசாகக் கசக்கவும் செய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சரி வந்தது கல்முனை அக்கா சொன்ன வழி: "அன்னாசியைப் பச்சையாகப் போடாதீங்க, காய்ச்சிப் போடுங்க." பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதியம் ஜெலட்டினை இறுக விடாது. பால் புரதத்தையும் அது உடைப்பதால்தான் டின்பால் கசந்திருக்கிறது. பழத்தைப் பொடியாக வெட்டி, சீனி போட்டு, கொதித்துச் சாறு வற்றும்வரை அடுப்பில் வைத்தேன். ஆறிய பிறகு டின்பால், கரைத்த ஜெலட்டின், பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ எல்லாம் கலந்து தட்டில் ஊற்றினேன். காலையில் கத்தி வைத்ததும் விளிம்பு உடையாமல் சதுரம் சதுரமாக வந்தது. கசப்பு துளியும் இல்லை.

நான் எதிர்பாராதது, பப்பாசியும் இதே வேலையைச் செய்கிறது. அதையும் காய்ச்சத்தான் வேண்டும். டின் அன்னாசிக்குத் தேவையில்லை, அது ஏற்கனவே சூடு கண்டது.

ஜெலட்டின் வேண்டாம் என்பவர்கள் கடற்பாசி (அகர் அகர்) போடலாம். பச்சை அன்னாசியிலும் அது இறுகும், மட்டக்களப்பு வெயிலுக்கும் உருகாது. ஜெலட்டின் போட்டதைப் பரிமாறும்வரை பிரிட்ஜிலேயே வையுங்கள்.