எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் கண் வைரஸ்: உங்கள் அனுபவம் என்ன?

மாற்றுச் சிறுநீரகக்காரன்:
கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, பீளை தள்ளவில்லை. இடது கண்ணில் மட்டும் கறுப்புப் பொடி மிதந்துகொண்டே இருந்தது. எழுத்து அட்டையில் கடைசி வரி வரை வாசித்தேன். "பார்வை நன்றாக இருக்கிறதே" என்றார்கள். சிறுநீரகம் மாற்றியதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும்தான் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்த்தார்கள். விழித்திரை ஓரத்தில் வெள்ளைத் திட்டு, அதையொட்டி ரத்தக் கசிவு. சிஎம்வி என்கிற சைட்டோமெகலோவைரஸ்! பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிற வைரஸ்தான். நம்மைப் போன்றவர்களிடம் எழுந்துகொள்கிறது. ஓரத்தில் இருக்கும்வரை எழுத்து அட்டையில் பிடிபடாது.

கண்ணுக்குள்ளேயே கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஊசி. கேட்கத்தான் பயங்கரம். மரத்துப்போகச் சொட்டு, இமையைப் பிடிக்க ஒரு கம்பிக் கவ்வி, ஓர் அழுத்தம், அவ்வளவுதான். மருந்து சுருள் சுருளாகப் பரவுவது எனக்கே தெரிந்தது. கூடவே வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. ஆரம்பத்தில் வழக்கமாக 900 மி.கி. இரண்டு வேளை; என் கிரியாட்டினினை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பார்த்துக் குறைத்தார்கள். என்னைப் படுத்தியது ஊசியல்ல, இந்த மாத்திரைதான். வெள்ளணு மளமளவென இறங்கியது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை உடைத்துச் சாப்பிடவும் கூடாது.

கீமோ வார்டு செவிலி:
நான் அதிகம் பார்ப்பது அக்கி, அதுவும் வைரஸால் வருவதுதான். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த ஓர் அம்மா, நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், "சூட்டுக்கு வந்தது" என்றார். எனக்கு உறுத்தியது மூக்கு நுனியில் இருந்த ஒரே ஒரு கொப்புளம். அங்கேயும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். அங்கே வந்தால் கண்ணையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே கண் மருத்துவரைக் கூப்பிட்டு, அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை டிரிப்பில் ஏற்றினோம். 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது தாண்டினாலும் கொடுப்பார்கள்.

வீட்டில் மிச்சம் கிடந்த ஸ்டீராய்டு சொட்டைத் தாங்களாகவே விட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வரும். கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண் இருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான்.

எச்ஐவியோடு வாழ்பவன்:
எனக்கும் சிஎம்விதான். சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) 50-க்குக் கீழே போயிருந்தது. அந்த நிலையில்தான் இது அதிகம் வரும். வேடிக்கை என்னவென்றால், ஏஆர்டி என்ற எச்ஐவி மருந்துகள் வேலை செய்து சிடி4 ஏற ஆரம்பித்ததும் பார்வை மறுபடி மங்கியது. வைரஸ் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போனேன். இல்லையாம், தெம்பு வந்த எதிர்ப்புச் சக்தியே கண்ணுக்குள் கிளப்பிய அழற்சியாம். அதற்கு மருந்து கொடுத்துத் தணித்தார்கள். போன ஓரப்பார்வை மட்டும் போனதுதான். இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் கதவு நிலையைப் பார்ப்பேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

புதிதாக வந்தவள்:
அக்கித் தடுப்பூசி நமக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா?

கீமோ வார்டு செவிலி:
உயிருள்ள வைரஸ் சேர்த்த ஊசிதான் ஆகாதும்மா. ஷிங்ரிக்ஸ் அந்த வகை இல்லை, 2 தவணை. கீமோ அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.