ஃபென்டன் முடிந்த பிறகும் சிஓடி இறங்கவில்லை, ஏரேஷன் டேங்கும் படுத்துவிட்டது: உதவி தேவை

கப்பலூர் ஈடிபி:
வணக்கம். திருமங்கலம் ரோட்டில், கப்பலூர் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) பார்க்கிறேன். ஆன்டிபயாட்டிக், சிரப் இரண்டும் ஓடும். கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரே டேங்கில் சேர்கிறது, சிஓடி (அழுக்கை ஆக்சிடைஸ் செய்யத் தேவையான ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 4,200 மில்லிகிராம். பாக்டீரியா தாங்காது என்று ஏரேஷனுக்கு (காற்றடித்து பாக்டீரியாவை வைத்து அழுக்கைத் தின்ன விடும் டேங்க்) முன்னால் ஃபென்டன் (பெராக்சைடும் இரும்பும் சேர்த்து அழுக்கை எரிக்கிற முறை) வைத்திருக்கிறோம். ஒரு கிலோலிட்டருக்கு (1,000 லிட்டர்) 50% ஹைட்ரஜன் பெராக்சைடு 13 லிட்டர், ஃபெரஸ் சல்பேட் 1 கிலோ. பிஹெச் 3-இல் ஒரு மணி நேரம் கலக்கி, சுண்ணாம்பு போட்டு 7.5-க்கு ஏற்றுகிறோம். நிறம் போய்விடுகிறது, ஆனால் சிஓடி 3,900-இல் நிற்கிறது. வண்டல் அடியில் தங்காமல் மிதக்கிறது. ஏரேஷனில் நுரை, தெளிவே இல்லை. டிஓ (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) மட்டும் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் காட்டுகிறது. பெராக்சைடைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டலாமா? பக்கத்தில் ஆடு மாடு குடிக்கிற கண்மாய் இருப்பதால் தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

லேப் அக்கா:
தம்பி, கூட்டவே கூட்டாதீர்கள். வேலை செய்யாமல் மிஞ்சின பெராக்சைடையும் சேர்த்துத்தான் உங்கள் சிஓடி காட்டுகிறது. சிஓடி டெஸ்டில் போடுகிற டைகுரோமேட் அதையும் சேர்த்து ஆக்சிடைஸ் செய்யும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் பெராக்சைடு மிஞ்சினால் சிஓடி 470 அளவுக்கு ஏறும். வண்டல் மிதப்பதும் அதனால்தான்: பெராக்சைடு உடைந்து வரும் ஆக்சிஜன் குமிழ் வண்டலைத் தூக்குகிறது. டிஓ 8-ஐ நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாக்டீரியா செத்துக்கொண்டிருப்பதால் ஆக்சிஜனைத் தின்ன ஆள் இல்லை, பெராக்சைடு வேறு ஆக்சிஜனை விடுகிறது. இதே தண்ணீரில் பிஓடி (பாக்டீரியா தின்னும் ஆக்சிஜனை அளக்கும் டெஸ்ட்) போட்டால் பொய்யாகக் குறைந்து வரும், ஏமாந்துவிடாதீர்கள்.

பெராக்சைடு ஸ்ட்ரிப் (நிறம் மாறி அளவு காட்டும் காகிதம்) வாங்கிப் பாருங்கள், அதன் அளவுக்கு மேல் போகும் என்பதால் நீர்த்துப் பார்க்க வேண்டும். இரும்பை இறக்கி வடிகட்டின தண்ணீரில் அயோடின் டைட்ரேஷன் செய்தால் இன்னும் சரி. வந்த எண்ணை 0.47-ஆல் பெருக்கி சிஓடியிலிருந்து கழியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குளோரைடையும் பாருங்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் சிஓடி எண்ணை நம்ப முடியாது.

பிளான்ட் அண்ணன்:
அக்கா சொன்னதோடு இதையும் பாருங்க தம்பி. ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு 20% தான். கிலோலிட்டருக்கு 200 கிராம் இரும்பு, பெராக்சைடு கிட்டத்தட்ட 7,800 கிராம். இரும்பு ரொம்பக் குறைவு, அதான் மிஞ்சுது. ஒரு லிட்டர் பீக்கரில் ஜார் டெஸ்ட் போட்டு, இரும்பை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஏற்றிப் பாருங்கள். பெராக்சைடை ஒரே மூச்சில் ஊற்றாமல் பிரித்துப் பிரித்து விடுங்கள். சூடும் நுரையும் அடங்கும், வேலையும் கூடும்.

அதைவிடப் பெரிய விஷயம், சிரப் தண்ணீரை ஏன் ஃபென்டனுக்கு விடுகிறீர்கள்? சர்க்கரையை பாக்டீரியாவே சாப்பிட்டுவிடும். ஃபென்டனில் உருவாகி அழுக்கை எரிக்கிற ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு மருந்து, சர்க்கரை என்ற பேதமே கிடையாது, எதிரில் வந்ததை எரிக்கும். காசு கொடுத்து வாங்கின பெராக்சைடு சர்க்கரையை எரித்துத் தீர்கிறது, ஆன்டிபயாட்டிக் தப்பிவிடுகிறது. சிரப்பின் முதல் கழுவலை மட்டுமாவது தனி பைப்பில் பிரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோட்டிங் செக்‌ஷனில் அசிட்டோன் இருந்தால் அந்தக் கழிவு இந்த டேங்குக்கு வரவே கூடாது. அமிலம், பெராக்சைடோடு சேர்ந்தால் வெடிக்கிற பெராக்சைடு உருவாகும்.

கப்பலூர் ஈடிபி:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஸ்ட்ரிப் நேராக வைத்தால் கடைசி நிறத்தில் போய் நின்றது. டைட்ரேஷன் கணக்கைக் கழித்தால் உண்மையான சிஓடி 2,600 அளவில் வருகிறது. ஜார் டெஸ்டில் இரும்பை நான்கு மடங்காக்கினதும் பெராக்சைடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அசிட்டோன் பைப் தனிதான், போய்ப் பார்த்துவிட்டேன். மிச்சத்தை பைசல்ஃபைட் (பெராக்சைடைத் தீர்க்கிற உப்பு) போட்டு முடிக்கலாமா?

லேப் அக்கா:
கொஞ்சம்தான் மிச்சம் என்றால் போடலாம், ஆனால் அளந்து. அதிகமானால் அதுவும் சிஓடி காட்டும், ஆக்சிஜனையும் இழுக்கும். பிஹெச்சை 9-க்கு மேல் ஏற்றி காற்றடித்து வைத்தாலே பெராக்சைடு தானாக உடையும். ஏரேஷனுக்கு அனுப்புமுன் பிஹெச்சைத் திரும்ப இறக்கிவிடுங்கள். ஸ்ட்ரிப் நிறம் மாறாமல் இருந்தால் மட்டும் வால்வைத் திறங்கள்.

பிளான்ட் அண்ணன்:
இரும்பைக் கூட்டினால் வண்டலும் கூடும். 2016 விதிகளில் இந்த மாதிரி கெமிக்கல் வண்டல் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. மழைக்கு முன்னால் வண்டலைக் காயவைக்கிற டிரையிங் பெட்டுக்குக் கூரை போட்டுவிடுங்க தம்பி, ஒரு சொட்டும் கண்மாய்ப் பக்கம் போகக் கூடாது.