சிட்டி ஸ்டேடியத்தில் போலீஸ் முன்பைவிடக் குறைவாகத் தெரிகிறதே, பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

பட்டர்வொர்த் அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பையன்களோடு சேர்ந்து பந்து உதைக்கிறாள், பினாங்கு கால்பந்து அணியின் ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சரி, முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்து வருவோம் என்று போன மாதம் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போனேன். அந்த ஸ்டேடியத்தில் கால் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1998இல் பினாங்கு லீக்கை வென்றபோது அப்பாவோடு வாராவாரம் போயிருக்கிறேன். அப்போது வாசலில், படிக்கட்டில், திடலைச் சுற்றி என்று திரும்பிய பக்கமெல்லாம் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். அப்பா என் கையை விட்டுவிட்டு நிம்மதியாகக் கச்சான் வாங்கப் போவார்.

இந்த முறை சாலையில் சில போலீஸ்காரர்கள் நின்றார்கள், உள்ளே பெரும்பாலும் மஞ்சள் மேலங்கி போட்ட இளைஞர்கள்தான். ஒன்றும் நடக்கவில்லை, ஆட்டம் நன்றாகவே முடிந்தது. ஆனாலும் மனதில் ஓர் உறுத்தல். வீட்டில் சொன்னதும் மனைவி 2014இல் ஷா ஆலாமில் வியட்நாம் ரசிகர்களை நம் ஆட்கள் அடித்ததையும் இந்தோனேசியாவில் அத்தனை பேர் செத்ததையும் எடுத்துச் சொல்கிறார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

உலகம் முழுக்கவே ஆட்டங்களுக்குப் போலீஸைக் குறைத்துக்கொண்டு வருகிறார்களா? அப்படியென்றால் எதை நம்பிக் குறைக்கிறார்கள்? பிள்ளையைக் கூட்டிப் போகும் நான் எதைப் பார்த்து முடிவு செய்வது?

செந்தூல்வாசி:

அண்ணே, நான் இங்கிலாந்தில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் ஸ்டூவர்டாக வேலை செய்தவன். நீங்கள் பார்த்த அந்த மஞ்சள் மேலங்கி வேலைதான். அதனால் அங்குள்ள நிலவரத்தை ஓரளவு சொல்ல முடியும்.

அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பே தரம் பிரித்துவிடுவார்கள். ஆபத்து குறைவு என்றால் ஏ, அடுத்தது பி, அதற்கும் மேல் சி. இதற்கெல்லாம் கீழே இன்னொரு தரம் உண்டு, அதன் பெயரே 'போலீஸ் இல்லாத ஆட்டம்'. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்துக்குள் ஒரு போலீஸ்காரர்கூட இருக்க மாட்டார், ஸ்டூவர்டுகளே பார்த்துக்கொள்வார்கள். சிறிய கிளப்புகளில் இது வெகு சாதாரணம். நான் வேலை பார்த்த ஆட்டங்கள் பலவும் அப்படித்தான். முதல் நாள் எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்றால் அதில் பணம் பெரிய காரணம். அரங்கத்துக்குள் போலீஸ் வேண்டும் என்றால் கிளப் காசு கொடுக்க வேண்டும், 1996ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தில் 25ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. வெளியே சாலையில் நிற்கும் போலீஸுக்கு யார் கொடுப்பது என்று லீட்ஸ் யுனைடெட் 2013இல் வழக்காடி ஜெயித்தது, 2017இல் இப்ஸ்விச் டவுனும் ஜெயித்தது. கிளப்புக்குச் சொந்தமில்லாத, அதன் கட்டுப்பாட்டில் இல்லாத பொதுச் சாலைக்கு கிளப் பணம் தர வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஒரு கிளப்பின் கணக்கப்பிள்ளையாக இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு போலீஸ்காரருக்குக் கொடுக்கும் காசில் எத்தனையோ ஸ்டூவர்டுகளை வைக்கலாம் என்றுதான் தோன்றும்.

இன்னொரு பக்கம் போலீஸிலேயே ஆள் இல்லை. 2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20,000க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் குறைந்தார்கள், 2019க்குப் பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் ராணியின் இறுதிச் சடங்குக்கு நாடெங்கும் இருந்து போலீஸை இழுத்தபோது செல்சி லிவர்பூல் ஆட்டத்தையும் மான்செஸ்டர் யுனைடெட் லீட்ஸ் ஆட்டத்தையும் தள்ளிவைத்தார்கள். பெரிய ஆட்டத்தைப் போலீஸ் இல்லாமல் நடத்தத் துணிய மாட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய ஆட்டத்தில் குறைத்து மிச்சமாகும் ஆட்களைப் பெரிய ஆட்டத்தில் குவிக்கிறார்கள், அதுதான் நடப்பது.

எல்லாம் நல்லபடியாகவே போகிறது என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கத்தில் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கிண்ண இறுதி ஆட்டத்தன்று டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் உள்ளே புகுந்துவிட்டார்கள். கதவில் நின்றவர்கள் ஸ்டூவர்டுகள், அந்தக் கூட்டத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. போலீஸ் தாமதமாக வந்தது என்று பிறகு வந்த விசாரணை அறிக்கையே சொன்னது. அதற்கடுத்த பருவத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து தொடர்பான கைதுகள் 2,198ஐத் தொட்டன, அதற்கு முந்தைய பல வருடங்களில் அவ்வளவு இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற கோப்ரல்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரவு முழுக்க யோசித்தேன். சர்வீஸில் இருந்த காலத்தில் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் எத்தனையோ மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு டியூட்டி பார்த்தவன் நான். நிறையப் போலீஸ் நின்றால் நிறையப் பாதுகாப்பு என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது, நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் 1989 ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். மைதானத்தில் மட்டும் சுமார் 800 போலீஸ்காரர்கள் இருந்தார்கள். 97 உயிர்கள் போயின. வெளியே நெரிசல் என்று ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே ரசிகர்கள் நிற்கும், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கப் பாதையை யாரும் மூடவில்லை, கூட்டம் நேராக அதற்குள் போய் அடைத்துக்கொண்டது. தலைமை தாங்கிய அதிகாரி அந்தப் பொறுப்புக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. ரசிகர்கள் வந்தாலே கலவரம்தான் என்ற எண்ணத்தோடு நின்றதால், கம்பி வேலிக்குள் மூச்சு முட்டித் தவித்தவர்களைக்கூடத் திடலுக்குள் ஓடி வரப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இதை நினைக்கும்போது ஒரு போலீஸ்காரனாக எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் மனைவி சொன்ன இந்தோனேசியாவில், மலாங் நகரத்தில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி நடந்ததும் அதுதான். அங்கே போலீஸும் ராணுவமும் இல்லாமலா இருந்தது? அரங்கத்துக்குள் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி அதை வைத்திருக்கவே கூடாது என்கிறது. மக்கள் வெளிக் கதவுகளை நோக்கி ஓடி அங்கே நசுங்கினார்கள். 135 பேர்.

செந்தூல் தம்பி சொன்ன வெம்பிளியில் போலீஸ் குறைந்ததால் கெட்டது. இந்த இரண்டிலும் போலீஸ் நிறைய இருந்தும் கெட்டது. அதனால் தலைகளை எண்ணுவதை விடுங்கள். நின்றவர்களுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியிருப்பீர்கள். அந்த லட்சக்கணக்கான கூட்டத்தில் சாலையை அடைப்பதும் திருடனைப் பிடிப்பதும் போலீஸ் வேலை. காவடிக்கு வழி விடச் சொல்வது, பிள்ளையைத் தொலைத்த தாயைக் கூட்டிக்கொண்டு போவது, மயங்கியவருக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் தொண்டர்கள். அவர்கள் சொன்னால் கூட்டம் கேட்கும், ஏனென்றால் அவர்கள் கூட்டத்தில் ஒருவர்.

பழைய கிளாங் ரோடு:

ஐயா சொல்வது சரிதான், ஆனால் இங்கே ஒன்றை விட்டுவிட்டீர்கள். தண்ணீர்மலைத் தொண்டருக்கு அந்தப் படிக்கட்டு வருடாவருடம் பழகிய இடம். மஞ்சள் மேலங்கி போட்ட பையனுக்கு? நான் என் தங்கையோடு நிறைய ஆட்டங்களுக்குப் போகிறவள். ஒரு முறை ஓர் அரங்கத்தில், பெயர் வேண்டாம், இடைவேளையில் தங்கைக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டூவர்டிடம் முதலுதவி எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை. சரி, வெளியே போக எது கிட்டத்தில் இருக்கும் வழி என்றேன். அதுவும் தெரியவில்லை. பாவம், அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அன்று மதியம்தான் கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு நாள் சம்பளம். கடைசியில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த அக்காதான் எங்களைக் கூட்டிப் போனார்.

அதனால் இங்கிலாந்தில் குறைத்தார்கள், நாமும் குறைக்கலாம் என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியாது. 2015 செப்டம்பரில் ஷா ஆலாமில் மலேசியா சவூதி ஆட்டம் 88ஆவது நிமிடத்தில் நின்றுபோனதே, திடலுக்குள் தீப்பந்தங்கள் விழுந்து? இத்தனையும் வாசலைத் தாண்டி எப்படி உள்ளே வந்தன? பையைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வாசலில் இருக்க வேண்டும், அவருக்கு முறையான பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டுப் போலீஸைக் குறையுங்கள், நானே வரவேற்கிறேன்.

செந்தூல்வாசி:

அக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். எத்தனை பேரை உள்ளே விடலாம், எத்தனை ஸ்டூவர்டு வேண்டும் என்பதற்கெல்லாம் உள்ளூராட்சி மன்றம் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கும், ஆள் குறைந்தால் அந்தப் பகுதியையே மூடிவிடுவார்கள். அந்தச் சான்றிதழை விட்டுவிட்டு மேலங்கியை மட்டும் இறக்குமதி செய்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். 2004 யூரோ போட்டி போர்ச்சுகலில் நடந்தது. ஆட்டம் நடந்த நகரங்களில் போலீஸ் கவசம் தடி எல்லாம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டு நடந்தார்கள். அங்கே இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய தொல்லை இல்லை. இங்கிலாந்து ஆட்டம் எதுவும் நடக்காத அல்கார்வே கடற்கரைப் பக்கம் வேறொரு படையின் பொறுப்பில் இருந்தது, அங்கேதான் கலவரம் வந்தது. இதைக் கூட இருந்து ஆராய்ந்தவர் கிளிஃபர்ட் ஸ்டாட் என்ற உளவியலாளர். தடியோடு எதிரே வரிசை கட்டினால் அமைதியாக வந்தவனும் சண்டைக்காரன் பக்கம் சேர்ந்துவிடுகிறான் என்பது அவருடைய வாதம்.

பிறை மாமா:

செலவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் பிரேமன் மாநிலம் ஆபத்தான ஆட்டங்களுக்குக் கூடுதல் போலீஸ் செலவை லீக்கிடம் கேட்டது. 2015இல் ஹம்பர்க் ஆட்டம் ஒன்றுக்கு மட்டும் நான்கு லட்சம் யூரோவுக்கு மேல். வழக்கு பத்து வருடம் ஓடி, 2025 ஜனவரியில் உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் மாநிலம் கேட்டது சரிதான் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் சாலைச் செலவு மக்கள் தலையில், ஜெர்மனியில் கிளப் தலையிலும் வைக்கலாம். என்னைக் கேட்டால் ஜெர்மனி சொல்வதுதான் நியாயம், டிக்கெட் காசு வாங்குகிறவர் அதில் பங்கு கொடுக்கட்டும்.

பட்டர்வொர்த் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன், கோப்ரல் ஐயா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்படியானால் நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரியில் யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற கோப்ரல்:

ஒரு மணி நேரம் முன்பே போங்கள் தம்பி. உட்காரும் இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் வெளிக் கதவுகள் இரண்டையும் பிள்ளைக்குக் காட்டுங்கள், ஆட்டம் நடக்கும்போது அவை பூட்டாமல் இருக்கின்றனவா, அங்கே ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பகுதி வேண்டாம். மேலங்கி போட்டவரிடம் முதலுதவி எங்கே என்று சும்மா கேளுங்கள், கை நீட்டிக் காட்டினார் என்றால் உட்காருங்கள். உங்கள் கைப்பேசி எண்ணை மகளின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் பத்து நிமிடம் இருங்கள்.

பட்டர்வொர்த் அப்பா:

சரி ஐயா. வரும் சனிக்கிழமைக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன், மனைவியும் வருகிறார். அந்தப் பக்கம் குடும்பங்கள் அதிகம் உட்காரும் இடம் எது என்று பினாங்குக்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.